விடியற்காலையில் மட்டும் ட்ரிப் ஆகும் வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கால மின்பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது, வெளிப்புற சாக்கெட்டுகளில் மழைநீர் படாமல் மூடி போட வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தவை எல்லாம் சரியானவையே. ஆனால் கடலுக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் அதை மட்டும் நம்பியிருந்தால் போதாது. வயரிங் வேலையையே தொழிலாகக் கொண்டு, அதில் பெரும்பகுதியைக் கடற்கரை வீடுகளில் செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாடியிலும் தோட்டத்திலும் மோட்டார் அறை வாசலிலும் நான் கழற்றிப் போட்ட பிளக் பாயிண்ட்டுகளில் மழைநீர் புகுந்து கெட்டவை குறைவு. ஒரு சொட்டு மழைகூடப் படாத இடத்தில் இருந்துகொண்டே கெட்டவைதான் அதிகம்.

அவற்றைக் கெடுத்தது உப்பு. அலை உடையும்போது நுரையில் உள்ள குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் எறிகின்றன. அந்தத் துளிகள் காற்றில் மிதந்து வருகின்றன. சுவரிலும் சன்னல் கம்பியிலும் சாக்கெட்டின் துளைகளுக்குள்ளும் படிகின்றன. பெரிய துளிகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். நுண்ணியவை காற்றின் வேகத்தைப் பொறுத்து இன்னும் உள்ளே வரும். படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் இருந்தாலே போதும். கடலோரத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே மழையே பெய்யாத கோடையிலும் அந்தச் சாக்கெட்டின் உட்புறம் உப்புநீர் பூசிய நிலையில்தான் இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும்.

கூரை விளிம்புக்கு அடியில், நல்ல நிழலில், மழைச்சாரல் படாமல் வைத்த பாயிண்ட் நீண்ட நாள் உழைக்கும் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். திறந்த வெளியில் இருப்பதை அவ்வப்போது மழை கழுவிவிடுகிறது. கூரைக்கடியில் இருப்பதைக் கழுவ யாரும் இல்லை. உப்பு மாதக்கணக்கில் படிந்துகொண்டே போகிறது. மூடியைத் திறந்தால் பித்தளை முழுவதும் பச்சைக் களிம்பு ஏறி, ஸ்க்ரூவின் தலை கரைந்து, திருப்புளி பிடிப்பதற்கு இடமே இல்லாமல் இருக்கும். மழையிலிருந்து காப்பாற்றுவது தேவைதான். அதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் ஆபத்து.

“நான் வாங்கியது வாட்டர்ப்ரூஃப், ஐ.பி. 65 போட்டிருக்கிறது” என்று அட்டைப்பெட்டியை எடுத்துவந்து காட்டுவார்கள். அந்த எண் பொய்யில்லை. ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, முதல் இலக்கம் தூசு போன்ற திடப்பொருள் நுழையாமல் காப்பதையும், இரண்டாவது இலக்கம் தண்ணீர் நுழையாமல் காப்பதையும் சொல்கிறது. ஆனால் சோதனையில் பீய்ச்சப்படுவது நல்ல தண்ணீர். சோதிக்கப்படுவது புத்தம் புதிய பெட்டி. அரிப்பு, வெயில், உள்ளுக்குள் நீர் வேர்ப்பது ஆகியவற்றுக்கு இந்த எண் பொறுப்பேற்காது என்பதையும் அதே தரநிலை சொல்கிறது. பல சாக்கெட்டுகளில் இந்தப் பாதுகாப்பு மூடி சாத்தியிருக்கும்போது மட்டுமே உண்டு. பிளக்கைச் செருகிவிட்டால் மூடி சாய்ந்து நிற்கும். அந்த நேரத்தில் 65 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. மோட்டார் பிளக்கை ஆண்டு முழுவதும் செருகியே வைத்திருக்கும் வீடுகளுக்கு, பிளக் உள்ளே இருக்கும்போதும் முழுவதையும் மூடும் ஆழமான மூடி உள்ள வகைதான் பொருந்தும்.

மூடி இறுக்கமாக இருந்தாலும் பெட்டி மூச்சு விடும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து, கிடைக்கும் இடுக்கு வழியே வெளியேறுகிறது. இரவில் பெட்டி குளிரும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அது கடற்காற்று. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்வித்தாலே நீர் முத்துகள் கட்டத் தொடங்கும். இரவு வானத்தைப் பார்த்திருக்கும் சுவருக்கு நான்கு டிகிரி இறங்குவது பெரிய காரியமில்லை. சுவருக்குள் பதித்த பைப் வழியாக வீட்டின் உள்ளிருந்து வரும் காற்றும் இதே வேலையைச் செய்யும். பைப்பின் வாயை அடைக்காமல் விட்ட பெட்டிகளில் அடியில் நீர் தேங்கி நின்றதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படி உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல், இறுக்கமான மூடியே அதைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் நல்ல பெட்டிகளின் அடிப்பக்கத்தில், தேவைப்பட்டால் திறந்துகொள்ள ஒரு வடிகால் துளையைத் தயாரிப்பாளரே குறித்துவைக்கிறார். தேவை இருந்தும் அதைத் திறக்காமல் விடுவதும் தவறு. குறிக்காத இடத்தில் டிரில் போடுவதும் தவறு.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

கடலோர வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி விடியற்காலையில் ட்ரிப் ஆகிறது, அதாவது தானாக விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் நிற்பதில்லை. பத்து, பதினொரு மணிக்கு மேல் தூக்கினால் நின்றுவிடுகிறது. மின்பணியாளர் மதியம் வந்து பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. மறுநாள் விடியலில் மீண்டும் அதே கதை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்ததும், “ஆர்.சி.சி.பி. பழுது, அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடுகிறேன்” என்று யாராவது சொல்கிறார், வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுகிறார். இதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிறு கலங்குகிறது.

அந்தக் கருவி செய்யும் வேலை ஒன்றுதான். ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. திரும்பி வருவது குறைந்தால், குறைந்த அளவு வேறு எங்கோ, சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ, நிலத்துக்குப் போகிறது என்று பொருள். வீடுகளில் பொருத்தும் 30 மில்லிஆம்பியர் கருவி, 15க்கும் 30க்கும் இடையில் எந்த அளவிலும் துண்டித்துக்கொள்ளலாம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாக்கெட்டின் உட்புறத்தில் ஃபேஸ் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே படிந்த உப்பு ஈரத்தின் மின்தடை 40,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 மில்லிஆம்பியர் கசியும். தனியாக இது எதையும் செய்யாது. ஆனால் மாடியில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று, மோட்டார் அறையில் ஒன்று, வாசல் விளக்கு ஒன்று என நான்கும் ஒரே கருவியின் கீழ் இருந்தால் 23 மில்லிஆம்பியர் ஆகிவிடுகிறது. கருவி விழுந்துவிடக்கூடும். விடியலில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதால் அப்போது விழுகிறது. வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் கசிவு குறைந்துவிடுவதால் நின்றுவிடுகிறது. கருவியில் பழுது எதுவும் இல்லை. நான்கு இடங்களில் பழுது இருக்கிறது என்று அது சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

“சாக்கெட்டின் சுவிட்சை அணைத்துத்தானே வைத்திருக்கிறேன், பிறகும் ஏன் விழுகிறது?” என்றும் கேட்பார்கள். வீட்டுச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் முனை எப்போதும் இணைந்தேதான் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே உப்புப் பாலம் அமைந்துவிட்டால், வீட்டின் வேறு மூலையில் ஃபிரிட்ஜ் ஓடும்போது அதன் திரும்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கு இந்தப் பாலத்தில் இறங்கிவிடும். சுவிட்ச் அணைந்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் மனித உடலில் மின்சாரம் செய்வதை ஆராய்ந்தவர். கம்பியைப் பிடித்த கையை மனிதன் தானாக விடுவித்துக்கொள்ளக்கூடிய எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர் என்று அவர் கண்டார். அதற்கு மேல் போனால் தசை இறுகிக் கை ஒட்டிக்கொள்ளும். 1961இல் அமெரிக்க முறைக் கசிவு காப்புச் சாதனத்தை உருவாக்கியவரும் அவர்தான். மனித உயிரை இப்படி அளந்து பார்த்துச் செய்த ஒரு கருவியை, விடியலில் தூக்கம் கெடுகிறது என்பதற்காக அகற்றுகிறோம். என் சக தொழிலாளர்களை வேண்டிக் கேட்கிறேன்: மதியம் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். விடியலில் போங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, சாதனங்களை எல்லாம் பிரித்துவிட்டு, ஒயரின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கொண்டு ஒவ்வொரு வெளிப்புற சர்க்யூட்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டில் குறை இருக்கிறது. வெளிப்புற பாயிண்ட்டுகளுக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்.சி.சி.பி. போட்டுப் பிரித்துவிட்டால், தோட்டத்துக் கசிவுக்காக வீட்டுக்குள் விளக்கு அணையாது. அதை அகற்றச் சொல்லும் ஆசையும் யாருக்கும் வராது.

கசிவைக் கருவி பிடித்துவிடும். தளர்ந்த இணைப்பை வீட்டில் வழக்கமாகப் பொருத்தும் கருவி எதுவும் பிடிக்காது. சாக்கெட்டுக்குள் பிளக் பின்னைக் கவ்வும் பித்தளைத் தகட்டில் களிம்பு ஏறினால், அல்லது ஒயர் மாட்டிய ஸ்க்ரூ அரித்துத் தளர்ந்தால், அந்த இடத்தில் மின்தடை கூடும். பத்தில் ஒரு பங்கு ஓம்தான் என்று வையுங்கள். 16 ஆம்பியர் ஓடும்போது அந்தப் பொட்டு இடத்தில் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி வைத்ததற்கு ஒப்பானது அது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாகவே இருப்பதால் ஆர்.சி.சி.பி.க்கு இது தெரியாது. மின்னோட்டம் அளவைத் தாண்டாததால், அளவு மீறினால் மட்டும் துண்டிக்கும் எம்.சி.பி.க்கும் தெரியாது. சூட்டில் தகட்டின் இறுக்கம் போகும், இறுக்கம் போனால் தடை இன்னும் கூடும், சூடு இன்னும் ஏறும். இதைக் கண்டுபிடிக்க நம் கண்ணும் மூக்கும் கையும்தான் உண்டு. துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், கருகிய வாடை, மோட்டாரை நிறுத்தி பிளக்கைத் தொட்டால் சூடு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிளக்கைச் செருகினால், கருகிய பின் புதுத் தகட்டையும் கெடுத்துவிடும்.

அடிக்கடி பயன்படுத்தாத பாயிண்ட்டுகள்தான் இன்னும் மோசம். பிளக்கைச் செருகி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பின்னும் தகடும் உரசிக்கொள்வதால் மேலே ஏறிய படலம் ஓரளவு நீங்கும். விழாவுக்கு ஒருமுறை விளக்குச் சரம் மாட்டுவதற்காக மட்டும் வைத்த பாயிண்ட்டில் அந்த உரசலும் இல்லை. அதற்காக உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். தகட்டின் மேல் இருக்கும் நிக்கல் அல்லது வெள்ளீயப் பூச்சு போய்விட்டால், அடுத்த முறை களிம்பு இன்னும் வேகமாக ஏறும்.

உலோகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தளை முனையில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை முடுக்கினால், இரண்டுக்கும் நடுவே உப்புநீர் சேர்ந்ததும் இரும்பு வேகமாகக் கரையும். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் 304 வகையில் குளோரைடு குழி குழியாகத் துளைத்துவிடும். மாலிப்டினம் கலந்த 316 வகை கடலோரத்துக்கு மேலானது. பல இழைகள் கொண்ட செப்பு ஒயரில் இழைகளுக்கு நடுவே ஈரம் உறிஞ்சப்பட்டு, மேலுறைக்குள் வெகுதூரம் கருத்துப்போயிருக்கும். நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் போதும் என்று நினைக்காமல், பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்ட வேண்டும். வராவிட்டால் ஒயரையே மாற்ற வேண்டும். படகுகளில் வெள்ளீயம் பூசிய செப்பு ஒயரைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். ஒயர் எப்போதும் பெட்டியின் அடிப்பக்கமாக, கொஞ்சம் தொங்கி மேலேறி நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால், எத்தனை சீலண்ட் பூசினாலும் ஒருநாள் நீர் அதன் வழியே இறங்கும்.

தயாரிப்பு நிறுவனங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உப்புப் பனிமூட்டத்தில் பொருள்களை வைத்துச் சோதிக்கும் முறைகள் புதியவை அல்ல. 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தெளிக்கும் ஐ.எஸ்.ஓ. 9227 சோதனையும், தெளிப்பதையும் ஈரத்தில் வைப்பதையும் மாற்றி மாற்றிச் செய்யும் ஐ.இ.சி. 60068-2-52 சோதனையும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 9223, அரிக்கும் தன்மையைக் கொண்டு சூழல்களை மிகக் குறைந்த சி1 முதல் மிகக் கடுமையான சிஎக்ஸ் வரை வகைப்படுத்தியிருக்கிறது. அலைகரைக்கு அருகே உள்ள இடங்கள் அதன் மேல்வகைகளில் வருகின்றன. ஐ.பி. எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடும் நிறுவனங்கள், இந்தச் சோதனையில் தங்கள் சாக்கெட் எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதையும் அட்டையில் அச்சிடலாமே. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வந்தால் அவர்களும் அச்சிடுவார்கள்.

கடைசியாக எர்த். எனக்கு மிகுந்த அச்சம் தருவது இதுதான். ஃபேஸ் முனை அரித்தால் மோட்டார் ஓடாது, நீங்கள் ஆளைக் கூப்பிடுவீர்கள். நியூட்ரல் அரித்தாலும் அப்படியே. எர்த் முனை அரித்து அற்றுப்போனால் எதுவும் நிற்காது. மோட்டார் ஓடும், விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பிறகு ஒருநாள் மோட்டாரின் உள்ளே காப்பு கெட்டு அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறும்போது, அதை நிலத்துக்குக் கொண்டுபோக எர்த் ஒயர் இருக்காது. தொடும் மனிதர்தான் வழி. ஆர்.சி.சி.பி. இருந்தால் அவர் தொட்ட கணத்துக்குப் பிறகாவது துண்டிக்கும். அதையும் அகற்றிவிட்ட வீட்டில் என்ன நடக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அந்தப் பட்டன் கருவியைச் சோதிக்கிறது, எர்த்தைச் சோதிப்பதில்லை. செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டரும் எர்த் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லாது.

ஆகவே கடலோர வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த வேலைக்காக மின்பணியாளர் வீட்டுக்கு வந்தாலும், அவர் கிளம்புவதற்கு முன் வெளிப்புற பாயிண்ட்டுகள் ஒவ்வொன்றின் எர்த் மின்தடையையும் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு மெயின் போர்டின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது எண் கூடியிருந்தால், மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அந்த முனையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலோர வீடுகளில் வேலை செய்யும் ஒரு மின்பணியாளர்